முக்கால் குழி

இன்னாசியம்மாளைச் சோம்பேறி என்று சொல்ல ஒருவனுக்கு வாய் வந்தது என்றால், அதற்கு முன்னால் ஒரு நாளாவது அவன் தலையில் மண்கூடை ஏறியிருக்க வேண்டும். மாரப்பன் மேஸ்திரி தலையில் ஏறியதெல்லாம் ஈரத்துண்டு ஒன்றுதான். அதையும் வெயில் தாழ்ந்ததும் எடுத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொள்வான். அவன் சொன்னான், சோம்பேறி என்று. ஒரு தடவை இல்லை, பதினெட்டு நாளும் சொன்னான்.

எண்பத்து மூன்றாம் வருஷம், பங்குனி பிறந்திருந்த நேரம். இரண்டு வருஷமாக மழை இல்லை. ஏரியூரைச் சுற்றி இருந்த கேழ்வரகுக் கொல்லையெல்லாம் வெறும் கட்டாந்தரை. கிணற்றில் எட்டிப் பார்த்தால் பாறை தெரிந்தது. மாடுகளைப் பாப்பாரப்பட்டிச் சந்தைக்கு ஓட்டிப்போய், கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வெறும் கயிற்றோடு திரும்பி வந்தார்கள். மாதா கோயில்காரர்கள் தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பது வழக்கம். அந்த வருஷம் மாரியம்மன் கோயில்காரர்களும் சேர்ந்து ஒருசந்தி இருந்தார்கள், யாரும் சொல்லாமலே.

அப்போதுதான் சர்க்காரின் பஞ்ச வேலை வந்தது. கரட்டு ஓரமாகக் குட்டைக்குக் கரை போட வேண்டும். குழி வெட்டி அந்த மண்ணைக் கரையில் கொட்ட வேண்டும். புருஷன் வெட்டினால் பொண்டாட்டி சுமப்பாள். ஒரு ஜோடிக்கு ஒரு நாளைக்கு ஒரு குழி. குழி முடிந்தால்தான் கூலி. முடியாவிட்டால் மறுநாள் வந்து அதையே முடிக்க வேண்டும். பத்தடிக்குப் பத்தடி, ஓரடி ஆழம் என்று ஓவர்சியர் முதல் நாள் வந்து சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவர் போனதும் மாரப்பன் நாற்பதடியில் ஒரு கயிற்றை எடுத்தான். "இங்க பாறை, அங்க பாறை. எல்லா எடத்துலயும் பத்துக்குப் பத்து வராது. இந்தக் கயிறச் சுத்திப் போடுவன். கயித்துக்குள்ள இருக்கற மண்ணு ஒரு குழி. நாப்பதடி கயிறு, எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றான். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறார்கள்? அந்தப் பக்கத்தில் புல்லானாலும் விறகானாலும் சோளத்தட்டானாலும் கயிற்றால்தான் கணக்கு. ஒரே கயிற்றில் கட்டினது ஒரே கட்டு. அதில் கூடக் குறையச் சொல்கிறவன் வம்புக்காரன். பிறந்ததிலிருந்து கட்டுக் கட்டித் தலையில் வைத்த ஜனம், அதே நம்பிக்கையைத் தரையில் கிடந்த கயிற்றின் மேலும் வைத்தது.

தன் தங்கை முனியம்மாளுக்கும் அவள் புருஷன் தர்மனுக்கும் மாரப்பன் கயிற்றை நீட்டமாகப் போட்டான். பதினாறடி நீளம், நாலடி அகலம். இன்னாசியம்மாளுக்கும் மரியசூசைக்கும் இன்னும் சில ஜோடிகளுக்கும் சதுரமாகப் போட்டான். இரண்டு பக்கமும் அதே கயிறு. நாயம் தவறவே இல்லை!

பதினெட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. மரியசூசை கடப்பாரையைப் போட்டால் சுக்கான் மண் பெயராமல் நெருப்புதான் பறந்தது. இன்னாசியம்மாள் சும்மாட்டை நனைத்து நனைத்து வைத்துக்கொண்டாள். கரை ஆள் உயரம் ஏறிவிட்டதால் ஒவ்வொரு கூடைக்கும் மேலே ஏறி இறங்க வேண்டியிருந்தது. வயிற்றில் காலையில் குடித்த களிக்கரைசல். மூன்று மணிக்கே முனியம்மாள் குழியை முடித்து, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

"என்னா இன்னாசி, கூடைய எறக்கி எறக்கி வெக்கற? கோயில் மணி அடிச்சிட்டாங்களா?" என்றான் மாரப்பன்.

"கழுத்து இத்துப்போச்சிங்க மேஸ்திரி."

"உனக்கு மட்டுந்தான் கழுத்தா? அதோ எந்தங்கச்சிக்கும் கழுத்துதான. பதினெட்டு நாளு, பதினெட்டுக் குழி. ஒரு நாளு பாக்கி வெச்சாளா? நீங்க பன்னெண்டு. கயிறு ஒண்ணுதான? நான் ஆருக்காச்சும் ஓரவஞ்சன பண்ணனா?"

"எங்க எடம் கெட்டி மண்ணுங்க" என்றான் மரியசூசை, நிமிராமலே.

"எல்லாம் ஒரே கரட்டு மண்ணுதான்யா. ஒடம்பு வளையல, அதச் சொல்லு. நாளைக்கு ஓவர்சீர் வர்ராரு. சோம்பேறிங்க பேர அடிச்சிட்டு வேற ஆள வெக்கச் சொல்லியிருக்காரு. ஏரியூர்ல அம்பது பேரு காத்துக் கெடக்கறான். அப்பறம் என்னெயச் சொல்லாதீங்க."

இன்னாசியம்மாள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கரைக்கு நடந்தாள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான். அவன் சொன்னதை அவளும் நம்பிவிட்டாள். முதல் வாரம் விடிவதற்கு முன்னாலேயே வந்தாள். இரண்டாம் வாரம் சோற்றுக்கு உட்காருவதைக் குறைத்தாள். மூன்றாம் வாரம், தனக்குள் ஏதோ நோவு வந்துவிட்டது, அதனால்தான் முனியம்மாள் சுமப்பதைத் தன்னால் சுமக்க முடியவில்லை என்று முடிவு கட்டி, சவேரியார் படத்துக்கு முன்னால் நின்று அழுதாள். கயிறு பொய் சொல்லாது, ஆகவே தன் உடம்புதான் பொய் சொல்கிறது. எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்கள், சுமக்கிறவளே தன் கழுத்தைச் சந்தேகப்பட வைப்பது!

பேரை அடித்துவிட்டால் அடுத்து என்ன என்பது இருவருக்கும் தெரியும். பெங்களூருக்குப் போய்க் கட்டட வேலையில் சேர வேண்டும். மகள் வேளாங்கண்ணியின் பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது. அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு வாத்தியார் பள்ளிக்கூடம். பெரிய வாத்தியாருக்கு வாரத்தில் நாலு நாள் தர்மபுரியில் மீட்டிங் இருக்கும். மீதி எல்லா வகுப்புக்கும் காவேரி டீச்சர்தான். பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள், இருபத்து மூன்று வயசு, வேலை இன்னும் உறுதியாகவில்லை. சிலேட்டு பாதிப் பிள்ளைகளிடம் இல்லை. சாக்பீஸ் பெட்டி பெரிய வாத்தியாரின் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. அவள் என்ன செய்தாள்? பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் கிழித்துப் போட்ட லாட்டரிச் சீட்டுகளைப் பொறுக்கினாள். தீப்பெட்டிப் படம், பழைய பஸ் டிக்கெட், பீடிக்கட்டுத் தாள், உடைந்த வளையல், காலண்டர் தாள், ஒன்றையும் விடவில்லை. புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பசை காய்ச்சினாள். பிள்ளைகள் அதையெல்லாம் ஒட்டி ஒட்டிக் கோழி செய்தார்கள், கோயில் தேர் செய்தார்கள். கோழிக்கு எத்தனை இறகு, தேருக்கு எத்தனை முக்கோணம், நாலு கலரில் ஒரு கலரை எடுத்துவிட்டால் மீதி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே ஒட்ட வைப்பாள். வாய்ப்பாட்டுக்கு வாய் திறக்காத பிள்ளையெல்லாம் கையில் பசையோடு கணக்குச் சொன்னது.

ஊர் சிரித்தது. குப்பை டீச்சர் என்று பேர் வைத்தார்கள். பெரிய வாத்தியார், "கணக்குன்னா சிலேட்ல போடணும்மா, இது பால்வாடி வேல" என்று சுவரில் இருந்த படங்களைப் பிய்க்கச் சொன்னார். பீரோச் சாவியைக் கொடுத்துவிட்டுச் சொல்லியிருந்தால் அதில் ஒரு நாயம் இருந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் எல்லாருக்கும் ஒரே அளவில் சணல் கயிறு வெட்டிக் கொடுத்தாள். லாட்டரிச் சீட்டைச் சின்னச் சின்னக் கட்டமாக நறுக்கிக் குவித்தாள்.

"இந்தக் கயிறுதான் உங்க மாட்டுக்கொட்டாய்க்குச் சுவரு. எப்பிடி வேணா கட்டுங்க. ஒரு கட்டம் ஒரு மாடு. யார் கொட்டாய்ல எத்தன மாடு நிக்குதுன்னு பாப்போம்."

பிள்ளைகள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கயிற்றை ஒட்டி, உள்ளே மாடு மாடாக ஒட்டினார்கள். தர்மனின் மகள் செல்லம்மாள் நீட்டமாகக் கட்டினாள். அவள் கொட்டாயில் பதினாறு மாடுதான் நின்றது. பக்கத்தில் வேளாங்கண்ணியின் சதுரக் கொட்டாயில் இருபத்தைந்து. செல்லம்மாள் ஓவென்று அழுதாள். "டீச்சர், எனக்குக் கயிறு கம்மியா குடுத்துட்டீங்க!"

டீச்சர் இரண்டு கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிக் காட்டினாள். ஒரே நீளம். பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். வேளாங்கண்ணி ஒரே தாளில் இரண்டு கொட்டாயையும் ஒட்டி, வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் மரியசூசை வீட்டு வாசலில் உட்கார்ந்து கையில் இருந்த கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தான். அடுப்பில் பண்ணைக்கீரை வெந்துகொண்டிருந்தது. மகள் ஓடிவந்து தாளை நீட்டினாள். அதில் பசை காயாமல் மினுமினுத்தது.

"இது என்னா?"

"மாட்டுக்கொட்டாய் அப்பா. டீச்சர் கணக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

"பசை எதுல காச்சினாங்க?"

"புளியங்கொட்டையில."

அவ்வளவுதான், அவனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "கேட்டியா இன்னாசி? ஊரே கொட்டைய வறுத்துத் தின்னு உசுரு வெச்சிருக்குது. அத அரைச்சி ஒட்டி வெளையாடறாங்களாம்! கவர்மெண்டு சம்பளம் குடுத்து இதுக்குத்தான் ஆளு வெச்சிருக்குதா? இருந்த மாட்ட வித்துட்டு வந்தவன் வூட்டுக்குக் காயிதத்துல மாட்ட ஒட்டி அனுப்பறாங்க!" அவன் தாளைப் பிடுங்கி அடுப்புப் பக்கம் வீசினான்.

வேளாங்கண்ணி அழவில்லை. ஓடிப்போய் எடுத்து, சாம்பலைத் தட்டினாள். "இது வெளையாட்டு இல்ல. நீளக் கொட்டாய்க்கும் சதுரக் கொட்டாய்க்கும் ஒரே கயிறுதான். ஆனா இதுல ஒம்போது மாடு ஜாஸ்தி" என்றாள் அம்மாவிடம்.

இன்னாசியம்மாள் கீரை கடைந்த மத்தைக் கையில் வைத்தபடியே குனிந்து பார்த்தாள்.

"என்னா சொன்ன?"

"ஒரே கயிறும்மா. எண்ணிப் பாரு."

"எங்க, திரும்பச் சொல்லு கண்ணு."

அவள் திரும்பச் சொன்னாள். இன்னாசியம்மாள் மத்தைக் கீழே வைத்தாள். நீளமாக ஒன்று, சதுரமாக ஒன்று. பதினெட்டு நாளாகப் பக்கத்துப் பக்கத்தில் பார்த்த அதே இரண்டு குழி, லாட்டரிச் சீட்டில் சிவப்பும் பச்சையுமாக அவள் கையில் இருந்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. இது நம்ம குழி. இது முனியம்மா குழி."

"சும்மா இரு."

"சும்மா இருந்துதாங்க இவ்ளோ நாளு செத்தன். வந்து பாருங்கன்றன்!"

அவள் குரலில் இருந்த எதுவோ மரியசூசையை எழுப்பிவிட்டது. வந்து குந்தினான். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினான், அவனுக்கு எண்ணத் தெரியும். நீளத்தில் பதினாறு. சதுரத்தில் இருபத்தைந்து. மறுபடியும் எண்ணினான்.

இன்னாசியம்மாள் பானையோடு புளியங்கொட்டையைக் கொண்டுவந்து தரையில் கொட்டினாள். "இதுல வெய்யி கண்ணு. நம்ம பன்னெண்டு குழி. குழிக்கு இருவத்தஞ்சி."

மூவரும் உட்கார்ந்து இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பன்னிரண்டு குவியல் வைத்தார்கள். முந்நூறு கொட்டை. "இப்ப இதயே முனியம்மா கொட்டாய்ல கட்டு. எத்தன கொட்டாய் வருதுன்னு பாக்கலாம்."

வேளாங்கண்ணி குவியல்களைக் கலைத்துப் பதினாறு பதினாறாக வைத்துக்கொண்டே போனாள். பத்து வந்தது. பன்னிரண்டு வந்தது. பதினெட்டுக் குவியல் ஆனபிறகும் கையில் கொட்டை மீதி இருந்தது.

"பதினெட்டு முழுக் கொட்டாய். இன்னும் பன்னெண்டு மாடு நிக்குது. நாலு மாடு ஒரு கலருன்னா, நாலு கலர்ல மூணு கலர். முக்கால் கொட்டாய்ம்மா."

பதினெட்டு நாள், பதினெட்டே முக்கால் குழி. முனியம்மாள் ஜோடியைவிட முக்கால் குழி அதிகம். இதைச் செய்தவளுக்குச் சோம்பேறி என்று பேர்! இன்னாசியம்மாள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அதற்கு நோவு ஒன்றும் இல்லை, அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். மரியசூசை கொட்டைகளை ஒன்று விடாமல் பொறுக்கிப் பானையில் போட்டான். பிறகு அந்தத் தாளை எடுத்து, சாம்பல் ஒட்டின இடத்தைத் துண்டால் துடைத்து மகளிடம் கொடுத்தான்.

மறுநாள் சனிக்கிழமை. ஓவர்சியர் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே மாரப்பன் நோட்டோடு நின்றான். புதன்கிழமை பெரிய ஆபீசர் வருகிறார், அதற்குள் கரை, உயரம் பார்க்க நட்டிருந்த கோலின் உச்சிக்கு வந்தாக வேண்டும் என்று ஓவர்சியர் சத்தம் போட்டார்.

"அடிக்க வேண்டிய பேரு எது?"

"மொதல்ல மரியசூசை ஜோடி சார். பதினெட்டு நாளுக்குப் பன்னெண்டு குழி."

"அடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க சார்" என்று இன்னாசியம்மாள் குறுக்கே வந்தாள். கையில் மகளின் படம். பின்னால் வேளாங்கண்ணி.

மாரப்பன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "குப்பை டீச்சர் படமா? காயிதத்துல குழி வெட்டிட்டாங்க சார் இவுங்க."

அவள் அவன் பக்கமே திரும்பவில்லை. புருஷனிடமிருந்து மம்பட்டியை வாங்கினாள். அதன் காம்பு சரியாக இரண்டடி. முனியம்மாள் நேற்று வெட்டின குழிக்குள் இறங்கிக் காம்பை வைத்து வைத்துக் கோடு கிழித்தாள். நீளத்தில் எட்டு, அகலத்தில் இரண்டு. பிறகு தன் குழியில் இறங்கிக் கிழித்தாள். அஞ்சுக்கு அஞ்சு. வேலை நின்றுபோய் எல்லா ஜோடியும் சுற்றி வந்து நின்றது.

"எண்ணு கண்ணு."

வேளாங்கண்ணி குழிக்குள் கட்டம் கட்டமாகத் தாவி எண்ணினாள். சத்தமாக எண்ணினாள். பதினாறு. அந்தப் பக்கம் இருபத்தைந்து.

ஓவர்சியர் படித்தவர். முதல் கோடு விழுந்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. "பத்துக்குப் பத்து போடச் சொன்னனேய்யா?" என்றார் மாரப்பனிடம், தணிந்த குரலில்.

"பாறை சார். எடத்துக்குத் தகுந்தாப்ல போட்டன். நாப்பதடி கயித்துல ஒரு விரக்கட கொறச்சிருந்தா கேளுங்க."

ஓவர்சியர் கரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. இன்னிலேர்ந்து எல்லாருக்கும் பத்துக்குப் பத்து. உம் பேர அடிக்கலம்மா. ஆனது ஆச்சி, போயி வேலையப் பாரு."

ஆனது ஆச்சாம். எத்தனை சுலபமாக வருகிறது அந்த வார்த்தை, சுமக்காதவன் வாயில்!

"ஆவலிங்க சார்" என்றாள் இன்னாசியம்மாள். "குழிக்கு ஒம்போது கட்டம் எம் மண்ணு கரையில கெடக்குது. பன்னெண்டு குழி மண்ணு. நான் அத எடுத்துக்கறன்."

அவள் கூடையையும் மம்பட்டியையும் எடுத்துக்கொண்டு கரைமேல் ஏறினாள். எல்லாரும் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தார்கள். அவள் கரையின் உச்சியை வெட்டிக் கூடையை நிரப்பி, தலையில் ஏற்றிக் கீழே இறங்கி, தன் குழியில் கொட்டினாள். திரும்ப ஏறினாள்.

"ஏய், கரைய எறக்காத! மேஸ்திரி, புடிய்யா அவள!" என்றார் ஓவர்சியர்.

"தொட்டுப் பாரு" என்றான் மரியசூசை. அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. கடப்பாரையை ஊன்றிவிட்டு, இன்னொரு கூடையை எடுத்துக்கொண்டு பொண்டாட்டி பின்னால் ஏறினான்.

மாரப்பன் கீழே நின்று கத்தினான். "பேர அடிச்சிருவன்!"

"அடி" என்றாள் அவள், தலையில் கூடையோடு நின்று. "எந்தப் பேர? சோம்பேறின்னு வெச்சியே, அந்தப் பேரயா? மொதல்ல அத அடி."

இன்னொரு ஜோடி ஏறியது. அவர்களுக்கும் சதுரக்குழிதான். பின்னால் இன்னும் இரண்டு ஜோடி. பதினெட்டு நாள் ஏறின கரையில் உச்சி மட்டம் கண்ணெதிரே இறங்கியது. நட்டிருந்த கோல் இன்னும் ஒரு சாண் வெளியே தெரிந்தது. ஓவர்சியர் புதன்கிழமையை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, முகம் வெளுத்துவிட்டது.

"நிறுத்தும்மா! நிறுத்து, சொல்றேன்ல! என்னதான் வேணும் உனக்கு?"

"முனியம்மா குழி ஒரு குழின்னா, நாங்க வெட்டுனது எத்தன குழி? அத நோட்டுல எழுதச் சொல்லுங்க. சதுரக்குழி வெட்டுன எல்லாருக்கும்."

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். படித்தவருக்குக் கொட்டை வேண்டியதில்லை. "எழுதுய்யா" என்றார் மாரப்பனிடம். "எல்லாருக்கும் அந்தக் கணக்குலயே எழுது. மரியசூசை ஜோடி, பதினெட்டுக் குழி."

மாரப்பன் நோட்டைத் தொடையில் வைத்து எழுதினான். எழுதும்போது தலையிலிருந்த ஈரத்துண்டு நழுவி விழுந்தது, அவன் எடுக்கவில்லை. மற்ற ஜோடிகள் கூடையைக் கீழே வைத்தன.

இன்னாசியம்மாள் வைக்கவில்லை. இன்னொரு கூடையை நிரப்பித் தலையில் ஏற்றினாள்.

"அதான் பதினெட்டு எழுதியாச்சில்ல?" என்றார் ஓவர்சியர்.

"முக்கால் இருக்குதுங்க சார்" என்றாள் அவள்.

யாரும் தடுக்கவில்லை. அவள் ஏறினாள், இறங்கினாள். வேளாங்கண்ணி குழிக்கரையில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாக மண் நிரம்ப நிரம்ப விரலை மடக்கினாள். வெயில் உச்சிக்கு வந்தபோது பன்னிரண்டு கட்டம் நிரம்பியது. பன்னிரண்டு முடிந்ததும் இன்னாசியம்மாள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, முனியம்மாளைப் பார்த்து வெற்றிலை கேட்டாள்.